எழுதப்படாத கைது

நான் சிவில் வக்கீல். பாகப்பிரிவினை, பாதைத் தகராறு, கிணற்றுப் பங்கு, வரப்புச் சண்டை இவைதான் என் பிழைப்பு. தென்காசிக் கோர்ட்டில் என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் அண்ணன் தம்பிகள், மீதிப் பேர் பக்கத்து வீட்டுக்காரர்கள். அடுத்த வீட்டுத் தென்னை நம் ஓட்டின் மேல் சாய்ந்தால்கூட, மட்டையை வெட்டுவதற்கு முன் ஒரு நோட்டீஸ் கொடுங்கள் என்று சொல்லிச் சொல்லியே எனக்கு முடி நரைத்தது. கிரிமினல் பக்கம் நான் எட்டிப் பார்த்ததில்லை. அது தானாக என் வீட்டுப் படியேறி வந்தது.

எங்கள் வீடு தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. கீழே நானும் என் கணவரும். அவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். மாடியில் ஓர் அறை. அதில் ஒரு தம்பி வாடகைக்கு இருந்தான். சுந்தரபாண்டியபுரத்துக்காரன், முப்பதைத் தொடாத வயது. டிரோன் வைத்து வீடியோ எடுப்பது அவன் தொழில். கல்யாணம், கோயில் கொடை, பிளாட் விற்கிறவர்களின் விளம்பரம் எல்லாவற்றுக்கும் அவனைக் கூப்பிடுவார்கள். அவன் ஊரில் சூரியகாந்தி பூத்துவிட்டால் கேரளாவிலிருந்து வருகிற ஜோடிகளை மேலிருந்து படம் பிடித்துக் கொடுப்பான். என்னை அக்கா என்றும் என் கணவரை அண்ணாச்சி என்றும் கூப்பிடுவான். சாயங்காலங்களில் இரண்டு பேரும் மொட்டைமாடியில் டிரோனைப் பறக்கவிட்டுக் குழந்தைகளைப் போல நிற்பார்கள். ரிமோட்டை இவர் கையில் கொடுத்தால் திருப்பிக் கொடுக்க மாட்டார்.

அன்று காலை நல்ல சாரல். சீசன் தொடங்கிவிட்டதால் சாலையில் வேன்கள் வரிசையாகக் குற்றாலம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. நான் கோர்ட்டுக்குக் கிளம்பி நின்றபோது வாசலில் இரண்டு கார்கள் வந்து நின்றன. சாதாரணச் சட்டை பேன்ட் போட்ட நாலைந்து பேர் இறங்கினார்கள். அவர்களில் மூத்தவருக்கு நாற்பது வயது இருக்கலாம். மழைக்குத் தலையில் கைக்குட்டையைப் போட்டிருந்தார்.

"மாடியில இருக்கிற பையனைப் பார்க்கணும் மேடம்."

"நீங்க யாரு?"

ஓர் அட்டையைக் காட்டினார். நான் கண்ணாடியைப் போட்டுக்கொள்வதற்குள் அது சட்டைப் பைக்குள் போய்விட்டது. மாடிப்படிக்குக் கீழே ஒரு கிரில் கேட் உண்டு. காலையில் நாங்கள்தான் அதைத் திறந்துவிடுவோம். நான் அதன் முன்னால் போய் நின்றுகொண்டேன்.

"வாரண்ட் இருக்கா? இல்ல, சம்மனாவது?"

"நீங்க வக்கீல்னு தெரியும் மேடம். இது நாட்டுப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம். பேப்பரெல்லாம் பின்னால வரும்."

"முன்னால வந்தாத்தான் சார் அதுக்கு வாரண்ட்னு பேரு."

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "கதவைத் திறந்தா நல்லது மேடம். உடைக்க வேண்டாம்னு பார்க்கிறேன்" என்றார். அந்தக் குரலில் மிரட்டல் இருந்ததா, கெஞ்சல் இருந்ததா என்று இப்போது நினைத்துப் பார்த்தாலும் எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்த மாதிரிதான் ஞாபகம்.

அப்போது என் கணவர் உள்ளேயிருந்து வந்தார். ஷேவிங் சோப்பு ஒரு கன்னத்தில் அப்படியே இருந்தது. அந்த அதிகாரி அவரைப் பார்த்ததும், "சார், நீங்க சர்வீஸ்ல இருந்தவரு. உங்களுக்குப் புரியும்" என்றார். அவ்வளவுதான். இவர் ஒரு நொடி அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தார். பிறகு என் தோளைத் தொட்டு மெதுவாக ஓரமாக நகர்த்தினார்.

"என்ன செய்யுதீய நீங்க?" என்றேன்.

"ஏட்டி, தடுக்காத. நாட்டு விஷயம்னு சொல்லுதாங்கள்லா."

சாவியைப் போட்டுக் கேட்டைத் திறந்துவிட்டார். மேலே போனவர்கள் சத்தமே போடவில்லை. சற்று நேரத்தில் தம்பியோடு இறங்கி வந்தார்கள். லுங்கியும் பனியனுமாக இருந்தவனுக்கு பேன்ட் சட்டை மாற்றிக்கொள்ள நேரம் கொடுத்திருந்தார்கள். ஒருவர் கையில் அவனுடைய டிரோன் பை, இன்னொருவர் கையில் லேப்டாப்பும் இரண்டு செல்போன்களும். எதையெல்லாம் எடுத்துப் போகிறீர்கள் என்று எழுதிக் கொடுங்கள் என்றேன். "வந்திடும் மேடம்" என்றார் அதிகாரி.

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு இவரைப் பார்த்து, "அண்ணாச்சி, அம்மைட்ட மட்டும் சொல்லிருங்க" என்றான்.

கார்கள் போன பிறகு நாங்கள் இருவரும் அடுக்களையில் நின்று சண்டை போட்டோம். கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சண்டை போட்டதில்லை. ஒருத்தனைப் பிடித்தால் ஏன் பிடிக்கிறோம் என்று சொல்ல வேண்டும், வீட்டுக்குத் தகவல் கொடுக்க வேண்டும், ஒரு நாளைக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும், இது எதுவுமே இல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் அதற்குப் பெயர் கைது இல்லை, கடத்தல் என்று கத்தினேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ராஜபாளையத்துக்காரன் ஒருத்தன் நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போனாம்லா, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. இவரோடு வேலை பார்த்தவர். வெட்கப்பட்டு வெட்கப்பட்டு இரண்டாம் தடவை குழம்பு வாங்கிக்கொண்டவர். அடுத்த வருஷமே எல்லையில் இறந்துபோனார்.

"அவன் எப்படிச் செத்தான்னு ஒன்ட்ட நான் முழுசாச் சொன்னதில்ல. ஒரு வீட்டுல வெடிச் சாமான் இருக்குன்னு தகவல் வந்திச்சு. உள்ள போவதுக்கு அனுமதி வேணும்னு எங்க ஆபீசரு காத்திருந்தாரு. நல்ல மனுசன், எல்லாத்தையும் சட்டப்படி செய்யுத ஆளு. சாயங்காலம் அனுமதி வந்திச்சு. வீடு காலியாக் கெடந்திச்சு. மறுநாள் ரோட்டுல எங்களுக்கு முன்னால போன வண்டி வெடிச்சிச்சு. அதுலதான் அவன் இருந்தான்."

அவரே மறுபடி, "நம்ம தம்பி நல்லவன்னு எனக்கும் தெரியும்ட்டி. ஆனா அன்னைக்கும் அனுமதி வரட்டும்னு நின்னுதானே அந்தக் கதவைத் திறக்காம விட்டோம்" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்வது? என் புத்தகங்களில் இருக்கும் பதில்கள் எல்லாம் செத்துப்போன ஒருவரின் முகத்துக்கு முன்னால் வைக்கிற பதில்கள் அல்ல. இருந்தாலும் அவர் சொன்னது சரி என்றும் எனக்குத் தோன்றவில்லை. அங்கே அது எல்லை. இது தென்காசி. இங்கே மாஜிஸ்திரேட் வீடு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது.

மத்தியானத்துக்குள் சுந்தரபாண்டியபுரத்திலிருந்து அவன் அப்பாவும் அம்மாவும் வந்துவிட்டார்கள். அப்பா விவசாயி, அதிகம் பேசாதவர். அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்தவர் எனக்கு நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, "மேடம், சத்தியமா நாங்க எடுக்கல. எங்களுக்குத் தகவலும் இல்ல" என்றார். அவர் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. மேலே விசாரித்தேன். அங்கேயும் அதே பதில். யாரும் அவனைப் பிடிக்கவில்லை. காலையில் என் கண்ணெதிரே காரில் ஏறியவன் அரசாங்கத்தின் எந்த அலுவலகத்திலும் இல்லை.

திரும்பி வரும்போது அவன் அப்பா ஆட்டோவில் என் பக்கம் சாய்ந்து, அம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"யம்மா, அவன் ஏதும் செஞ்சிருப்பானோ?"

"நீங்களே இப்படிக் கேட்கலாமா அண்ணாச்சி?"

"இல்ல, அரசாங்கம் சும்மா வருமா? எங்க சொந்தத்துல மூணு பேரு போலீஸ்ல இருக்காவ. அவிய யாரும் போனை எடுக்க மாட்டேங்காவ."

அப்போதுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. பெற்ற தகப்பனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. குற்றம் என்னவென்று சொல்லியிருந்தால் இல்லை என்று மறுக்கலாம். சொல்லாமல் விட்டால் ஒவ்வொருவரும் அவரவர் மனதுக்குத் தோன்றியதை அந்த இடத்தில் வைத்துக்கொள்கிறார்கள். தெருவில் இரண்டு நாளில் பல கதைகள் ஓடின. கஞ்சா என்றார்கள். பெண் விவகாரம் என்றார்கள். வெளிநாட்டுக்கு ஏதோ அனுப்பினானாம் என்றார்கள். பால் கொடுக்க வருகிற அம்மாள்கூட, "மாடியைக் காலி பண்ணச் சொல்லிருங்க, ஒங்களுக்கு எதுக்கு வம்பு?" என்றாள்.

மதுரையில் என் கல்லூரித் தோழி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடத்துகிறாள். அவளிடம் சொன்னேன். ஆட்கொணர்வு மனு போடலாம் என்றாள். அப்பா வேண்டாம் என்றார். கேஸ் போட்டால் கோபப்பட்டு இன்னும் எதையாவது சுமத்திவிடுவார்கள் என்று பயந்தார். அம்மாதான் எழுந்து வந்து, "நான் கையெழுத்துப் போடுதேன். எம்புள்ள எங்கன இருக்கான்னு கேக்கதுக்கு எனக்கு யாரு உத்தரவு தரணும்?" என்றாள். எத்தனையோ மனுக்கள் எழுதியிருக்கிறேன். அவள் சொன்ன அந்த ஒரு வரியைப் போல ஒரு வரி நான் எழுதியதில்லை.

மனு விசாரணைக்கு வருவதற்கு முன்பே அவன் வந்துவிட்டான். ஒரு மத்தியானம், மழை விட்டிருந்த நேரம், கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தான். சுரண்டை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டார்களாம். டிக்கெட் எடுக்கக் காசும் கொடுத்தார்களாம். தாடி வளர்ந்திருந்ததைத் தவிர ஆள் அப்படியே இருந்தான். நான் அவன் கைகளைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"அடிக்கல அக்கா. சத்தியமா ஒரு அடி அடிக்கல. நல்லாத்தான் பாத்துக்கிட்டாங்க. பரோட்டா, கோழி எல்லாம் வாங்கிக் குடுத்தாங்க. ஒரு சாரு எங்க தங்கச்சி கல்யாணம் எப்பன்னுகூட விசாரிச்சாரு."

"பிறகு எதுக்குப் பிடிச்சாங்க?"

சொன்னான். சில மாதங்களுக்கு முன் யாரோ ஒருவன் இணையத்தில் அவனைத் தொடர்புகொண்டிருக்கிறான். மேற்குத் தொடர்ச்சி மலையின் தண்ணீரைப் பற்றி ஆவணப்படம் எடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். முதலில் அருவிகளைக் கேட்டான். பிறகு அணைகளைக் கேட்டான். அடுத்து ரயில் குகையின் வாய், மின்சாரக் கோபுரங்கள், பாலங்களின் அடிப்பக்கம். தம்பிக்குக் கூலி வந்துகொண்டிருந்தது. அவனும் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்தான்.

"பாலத்துக்கு அடிப்பக்கம் எதுக்குன்னு ஒனக்குத் தோணலையாலே?" என்று கேட்டார் என் கணவர்.

"அழகா இருக்கும்னு சொன்னான் அண்ணாச்சி. எடுத்துப் பாத்தா உண்மையிலேயே அழகாத்தான் இருந்திச்சு."

அவன் அப்படிச் சொன்னபோது எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்காரிக்கு வருகிற அழுகை அது. எனக்குள் இருந்த வக்கீல் வேறொன்றைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். இதை அப்படியே ஒரு முதல் தகவல் அறிக்கையில் எழுதினால் எந்தச் சட்டத்தில், எந்தப் பிரிவில் போவான், ஜாமீன் கிடைக்க எத்தனை காலம் ஆகும் என்று.

"எங்க கொண்டுபோய் வச்சிருந்தாங்கலே? சென்னைக்கா?" என்று கேட்டார் இவர்.

"இல்ல அண்ணாச்சி, குத்தாலத்துலதான். ஒரு காட்டேஜுல. ஐந்தருவி போற பக்கம்னு நெனைக்கேன். சன்னலை அடைச்சு வச்சிருந்தாங்க. ஆனா சத்தம் எல்லாம் கேக்கும். புள்ளைங்க குளிக்கப் போகும்போது கத்துத சத்தம், பழம் விக்கவங்க சத்தம், வண்டிச் சத்தம். பகல் பூரா கேட்டுக்கிட்டே கெடந்தேன்."

என் கணவரின் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த நாட்களில் ஒரு காலை, என்னோடு பேச்சுவார்த்தை இல்லாத கோபத்தில், தன் பழைய சிநேகிதர்களோடு ஐந்தருவிக்குக் குளிக்கப் போயிருந்தார்.

"இங்கனயேவா வச்சிருந்தாங்க?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டார். தம்பி ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்றான். இவருடைய மனதில் அவன் ஏதோ ஒரு பெரிய அலுவலகத்தில், கொடிக்கம்பமும் காவலும் உள்ள கட்டடத்தில், முறையாக விசாரிக்கப்பட்டுக்கொண்டிருந்தான் போல. குளிக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிற காட்டேஜில் என்பது அவருக்குச் செரிக்கவில்லை.

அவன் வந்துவிட்டாலும் மனு இருந்தது. நீதிமன்றத்தில் அவனை நேரில் நிறுத்த வேண்டும். மதுரைக்கு அவனையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனேன். வழி முழுக்க ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டு போனேன். நீதிபதி கேட்டால் நடந்ததைச் சொல். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். யார் வந்தார்கள், என்ன எடுத்தார்கள், எங்கே வைத்திருந்தார்கள். அவ்வளவு போதும். அவன் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினான்.

நீதிமன்ற நடைபாதையில் அந்த அதிகாரி நின்றுகொண்டிருந்தார். தம்பியும் அம்மாவும் தண்ணீர் குடிக்கப் போயிருந்த நேரம் பார்த்து என்னிடம் வந்தார்.

"மேடம், ரெண்டு நிமிஷம் பேசலாமா? நான் உங்களை மிரட்ட வரல."

"சொல்லுங்க."

"நான் செஞ்சது சட்டப்படி தப்பு. அதை உங்ககிட்ட ஒத்துக்கிறேன். உள்ள ஒத்துக்க முடியாது. ஆனா சட்டப்படி செஞ்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க. எஃப்.ஐ.ஆர். போட்டிருப்பேன். பேரு வெளியே வந்திருக்கும். அந்தப் பக்கம் கூலி கொடுத்தவன் அன்னைக்கே ஓடியிருப்பான். இந்தப் பையன் உள்ள போயிருப்பான். நாட்டுப் பாதுகாப்பு கேஸ்ல உள்ள போனா எப்ப வெளிய வர்றதுன்னு உங்களுக்குத் தெரியும். அவன் அப்பாவின்னு எனக்கு ரெண்டாவது நாளே தெரிஞ்சுபோச்சு. ஆனா எழுதிட்டா, தெரிஞ்சாலும் என்னால அழிக்க முடியாது மேடம். எழுதலைங்கிறதாலதான் இன்னைக்கு உங்ககூட நிக்கிறான்."

அவர் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை என்பது எனக்குத் தெரிந்தது. அதுதான் என்னைக் கலங்கடித்தது. சட்டத்தை மீறியவர் அவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். சட்டப்படி நடந்திருந்தால் அவன் ஜெயிலில் இருந்திருப்பான். அப்படியானால் நான் யாருக்காக, எதற்காக இங்கே வந்து நிற்கிறேன்?

கொஞ்சம் சுதாரித்துக்கொண்டு கேட்டேன். "நீங்க நல்ல மனுஷர்ங்கிறதால அவன் திரும்பி வந்தான். நாளைக்கு உங்க இடத்துல வேற ஒருத்தர் இருந்து, எழுதாமலே கூட்டிட்டுப் போய், திருப்பி அனுப்பலைன்னா? எங்க போய்க் கேட்கிறது? எழுதாம கூட்டிட்டுப் போனவனுக்கு யாரும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லையே."

அவர் கைப்பிடிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அதுக்கு என்கிட்ட பதில் இல்ல மேடம்" என்றார். பிறகு, "உள்ள அவன் நடந்ததைச் சொன்னா, எங்க மேலிடம் என்னைக் காப்பாத்த அவன் மேல கேஸ் எழுதும். அது என் கையில இல்ல. அதை மட்டும் சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றார்.

இது எச்சரிக்கையா, உதவியா, மரியாதையான மிரட்டலா? தோழியிடம் சொல்லி யோசிக்க நேரமில்லை. எங்கள் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். தம்பியின் காதில் இரண்டு வரியில் அதிகாரி சொன்னதைச் சொன்னேன். "அப்ப நான் என்ன அக்கா சொல்லணும்?" என்றான். உள்ளே போய்க்கொண்டே கேட்டான். நானும் நடந்துகொண்டே, "உன் இஷ்டம் தம்பி" என்றேன். வழி முழுக்க ஒன்றைச் சொல்லிவிட்டு, வாசலில் வைத்து உன் இஷ்டம் என்றால் அவன் பாவம் என்ன செய்வான்?

அரசுத் தரப்பு வக்கீல் எழுந்து, யாரும் யாரையும் சட்டவிரோதமாக வைத்திருக்கவில்லை, ஒரு விசாரணைக்கு அவரே முன்வந்து ஒத்துழைத்தார் என்றார். எந்த அலுவலகத்தின் விசாரணை என்று சொல்லவில்லை. நீதிபதி தம்பியைப் பார்த்தார்.

"நீங்களாகத்தான் போனீர்களா?"

அவன் என் பக்கம் திரும்பினான். எனக்கு எந்தப் பக்கம் தலையசைப்பது என்று தெரியவில்லை. அசைக்கவும் இல்லை.

"ஆமாங்கய்யா."

"உங்களுக்கு ஏதாவது புகார் இருக்கிறதா?"

"இல்லங்கய்யா."

ஆள் நேரில் வந்துவிட்டதால் மனு முடித்துவைக்கப்பட்டது. பின்வரிசையில் இருந்த அவன் அம்மா எழுந்து நின்று, "நாங்க தேடுனோமேய்யா" என்றாள். அது முன்வரிசைக்குக் கேட்கவில்லை. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் கேட்டான். "அக்கா, நான் கோர்ட்டுல பொய் சொல்லிட்டேனா?"

"நீ என்ன நெனைக்கே?"

"கார்ல ஏறச் சொன்னாங்க, ஏறினேன். யாரும் தூக்கிப் போடல. அப்ப நானாத்தானே ஏறினேன்? ஆனா ஏறாம இருந்திருக்க முடியுமான்னு கேட்டா, முடியாதுலா?"

இந்தக் கேள்விக்குச் சட்டக் கல்லூரியில் ஒரு முழு வருஷம் பாடம் நடத்தலாம். நான் அவனுக்கு மசாலா கடலை வாங்கிக் கொடுத்தேன்.

சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் என் கணவர் செய்தித்தாளை மடித்து என் முன்னால் வைத்தார். வேறொரு மாநிலத்தில் ஒருவனைப் பிடித்திருக்கிறார்கள். அவனிடம் பல அணைகள், பாலங்களின் படங்கள் இருந்தன என்று சின்னதாக ஒரு செய்தி. தம்பிக்குக் கூலி கொடுத்தவன் இவன்தானா என்று அதில் எதுவும் இல்லை. 'பாத்தியா' என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

"அவன்தானா இருக்குமாட்டி?" என்று கேட்டார்.

"தெரியலை."

"அவன்தான்னா அவங்க செஞ்சது சரிதான்னு ஆயிருமா?"

சரியென்று கேட்டைத் திறந்துவிட்டவர் அவர். இப்போது அதை என்னிடம் கேட்கிறார். தவறென்று கத்தியவள் நான். அந்தச் செய்தியைப் படித்தபோது என் மனதில் முதலில் வந்தது நிம்மதி, அதை மறைக்க முடியாது. எந்த அணைக்குக் கீழே எத்தனை ஊர் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நொடியே அந்த நிம்மதி எனக்கு வெறுப்பாகவும் இருந்தது. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கமாக நின்றுகொண்டிருந்தது போய், இரண்டு பேருமே நடுவில் வந்து முழித்துக்கொண்டிருந்தோம்.

தம்பிக்கு டிரோன் திரும்பி வரவில்லை. லேப்டாப்பும் வரவில்லை. ஒரு செல்போன் மட்டும் கூரியரில் வந்தது, அனுப்பியவர் பெயர் இல்லாமல். மற்றதைக் கேட்டு ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். இதுதானே என் தொழில். ஒருவன் பொருளை இன்னொருவன் வைத்திருந்தால் திருப்பி வாங்கிக் கொடுப்பது. ஆனால் பெறுநர் என்று யாரைப் போடுவது? எந்த அலுவலகமும் அவனைப் பிடிக்கவில்லை. எந்த அலுவலகமும் எதையும் எடுக்கவில்லை. எடுக்கப்படாத பொருளை எப்படித் திருப்பிக் கேட்பது? உயர் நீதிமன்றத்தில் அவனே புகார் இல்லை என்று சொல்லியும் ஆயிற்று. அவனைக் காப்பாற்றிய அதே எழுதாமை அவன் பிழைப்பை விழுங்கிவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

மாடியைக் காலி செய்துகொண்டு அவன் ஊருக்கே போனான். நாங்கள் போகச் சொல்லவில்லை. "மேல வண்டிச் சத்தம் கேட்டாலே தூக்கம் போகுது அக்கா" என்றான். அந்த வருஷம் சூரியகாந்தி பூத்தபோது ஒரு சாதாரணக் கேமராவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வரப்பில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தான் என்று கேள்விப்பட்டேன். வருமானம் முன்போல இல்லை.

போன தை மாதம் சுரண்டையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற ஒருவர் என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகளைத் தம்பிக்குப் பார்த்திருக்கிறார்கள். பையனைப் பிடித்திருக்கிறது, குடும்பத்தைப் பிடித்திருக்கிறது. ஊரில் ஒரு பேச்சு இருக்கிறதாம், அதை விசாரிக்க வந்ததாகச் சொன்னார்.

"அந்தப் பையன் மேல கேஸ் ஏதும் இருக்காம்மா?"

"இல்ல அண்ணாச்சி. ஒண்ணும் இல்ல."

"போலீசு பிடிச்சுட்டுப் போனதா சொல்லுதாங்களே?"

"எந்த ஸ்டேஷன்லயும் அவன் மேல எதுவும் கிடையாது. நீங்க எங்க வேணும்னாலும் விசாரிச்சுக்கலாம்."

சொல்லும்போதே என் குரல் எனக்கு அந்நியமாகக் கேட்டது. அரசுத் தரப்பு வக்கீலின் வார்த்தைகளைத்தான் நான் பேசிக்கொண்டிருந்தேன். அதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. அந்தப் பையனுக்கு ஒரு நல்லது நடக்க வேறு வழியும் எனக்குத் தெரியவில்லை.

அவர் நிம்மதியாக எழுந்தார். வாசல்வரை போனவர் திரும்பினார்.

"அப்ப அன்னைக்கு அவனைக் கூட்டிட்டுப் போனது யாரும்மா?"

"தெரியலை அண்ணாச்சி" என்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வக்கீல் அம்மா ஏதோ மறைக்கிறாள் என்று நினைத்திருக்கலாம். இருந்தாலும் பெண்ணைக் கொடுத்தார். கல்யாணம் பண்பொழி மலைக்கோயிலில் வைத்து நடந்தது. படியேறும்போது எனக்கு மூச்சு வாங்கியது. மணமகளின் அப்பா ஓடி வந்து என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு, "ஒங்க வாக்கை நம்பித்தாம்மா குடுத்தேன்" என்றார். நான் சிரித்தேன். வேறென்ன செய்ய என்று அப்போது எனக்குத் தெரியவில்லை, இப்போதும் தெரியவில்லை.